ஆட்சேபணை உண்டா?

2022 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, என் மூத்த மகள் அமெரிக்க அரசியல் பாடத்துக்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சமையலறை மேசையில் பெரிய வெள்ளைத் தாளை விரித்து, ஒரு மசோதா சட்டமாகும் வழியைப் படமாக வரைந்து வைத்திருந்தாள். இடது பக்கம் ஒரு கட்டம், அதற்குள் பிரதிநிதிகள் அவை, 435 பேர், தேவை 218. வலது பக்கம் இன்னொரு கட்டம், அதற்குள் செனட், 100 பேர், தேவை 51. இரண்டிலிருந்தும் மேலேறும் அம்புகள் குடியரசுத் தலைவரின் பேனாவில் போய் முடிந்தன. காபிக்குப் பால் எடுக்கப் போன நான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், 51 என்ற எண்ணின் மேல் விரலை வைத்து, "இது சரியில்லம்மா" என்றேன். அவள் தாளைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கத்தில் முடிவற்ற விவாதத்தை நிறுத்த 60 வாக்குகள் தேவை என்று ஒழுங்காகவே எழுதியிருந்தாள். "அதுவும் இல்ல" என்றேன். "அப்போ எவ்வளவுப்பா?" என்று கேட்டாள். நூறு என்று நான் சொன்னதும், வேலைக் களைப்பில் உளறும் மனிதரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு, மீண்டும் பேனாவை எடுத்துக்கொண்டாள்.

அந்த நூறு எங்கிருந்து வந்தது என்பதை அன்றைக்கு அவளுக்குச் சரியாக விளக்க முடியவில்லை. விளக்கியிருந்தாலும் அவளுடைய ஆசிரியை மதிப்பெண் தந்திருக்க மாட்டார். ஆனால் அந்த எண் என் மண்டைக்குள் 2019-ஆம் ஆண்டிலிருந்தே உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றி நான் கொண்டிருந்த கோபமும் அப்படியே நீடித்திருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவை இருந்திருக்காது.

கிரீன் கார்டு வரிசையைப் பற்றி இங்கே நீட்டி முழக்க வேண்டியதில்லை. வேலைவாய்ப்பின் அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 பேருக்கு நிரந்தர வசிப்புரிமை அட்டை என்பதும், எந்த ஒரு நாட்டில் பிறந்தவருக்கும் அதில் 7 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்பதும் 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதப்பட்ட கணக்கு. இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை அதனால் என்ன ஆயிற்று என்பதை, மாதந்தோறும் அரசு வெளியிடும் விசா புல்லட்டினைத் திறந்து, வரிசையில் தம் இடத்தைக் குறிக்கும் பிரயாரிட்டி டேட்டைத் தேடுகிற எல்லோரும் அறிவார்கள். 2019-இல் எங்கள் பிரிவின் வரிசை 2009-ஆம் ஆண்டிலேயே நின்றுகொண்டிருந்தது. என் தேதியோ 2011. கோயம்புத்தூரில் பிறந்து மூன்று வயதில் இங்கே வந்த மகளுக்கு 21 வயது ஆகும்போது, அவள் என் விண்ணப்பத்திலிருந்து கழன்று தனியாளாகிவிடுவாள். எங்கள் வீட்டில் காலம் இந்த இரண்டு தேதிகளாலேயே அளக்கப்பட்டது.

அந்த 7 விழுக்காட்டு வரம்பை நீக்க ஒரு மசோதா இருந்தது. பிரதிநிதிகள் அவையில் அதன் எண் 1044. கலிஃபோர்னியாவின் ஜோ லாஃப்கிரன் என்ற ஜனநாயகக் கட்சிக்காரரும், கொலராடோவின் கென் பக் என்ற குடியரசுக் கட்சிக்காரரும் சேர்ந்து 2019 பிப்ரவரியில் கொண்டுவந்தார்கள். செனட்டில் அதன் இணை மசோதாவின் எண் 386. யூட்டாவின் மைக் லீ முன்னின்றார், கமலா ஹாரிஸ் உடன் நின்றார். தொலைக்காட்சியில் ஒருவரையொருவர் கடித்துக் குதறுகிற இரண்டு கட்சிகளும் ஒரே தாளில் கையெழுத்திட்டதைப் பார்த்ததும், வேலை பாதி முடிந்ததென்று நாங்கள் நம்பினோம். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அடுத்த தீபாவளிக்குள் முடிந்துவிடும் என்று ஒருவர் தேதியே குறித்தார்.

365

பிரதிநிதிகள் அவை 2019 ஜூலை 10 அன்று அந்த மசோதாவை 365-க்கு 65 என்ற கணக்கில் நிறைவேற்றியது. அது வந்த வழி கவனிக்கத்தக்கது. அந்த அவையில் எது விவாதத்துக்கு வரும், எத்தனை மணி நேரம், எந்தத் திருத்தங்களோடு என்பதையெல்லாம் சபாநாயகரின் கைக்கடக்கமான விதிகள் குழு தீர்மானிக்கிறது. அது பெரிய மசோதாக்களுக்கான பாட்டை. பெரும் எதிர்ப்பு இருக்காது என்று தோன்றுகிறவற்றை, விதிகளை இடைநிறுத்தி நிறைவேற்றும் குறுக்கு வழியில் கொண்டுபோவார்கள்: 40 நிமிட விவாதம், திருத்தத்துக்கு இடமில்லை, ஆனால் வந்து வாக்களித்தோரில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். தபால் நிலையங்களுக்குப் பெயர் சூட்டும் மசோதாக்கள் செல்லும் அதே வழியில் எங்கள் தலையெழுத்தும் சென்றது. வாக்களித்த 430 பேரில் 287 பேர் போதும். 365 பேர் கிடைத்தார்கள். மசோதாவோடு இணை முன்மொழிபவர்களாகத் தங்கள் பெயரைச் சேர்த்துக்கொண்டவர்களே 300-க்கு மேல் இருந்தார்கள்.

அன்று இரவு ஊரிலிருந்து அப்பா அழைத்தார். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, இனி செனட்டில்தான் பாக்கி, காங்கிரஸ் முழுவதும் நிறைவேற்ற வேண்டும் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "ஏம்ப்பா, அங்கயுமா காங்கிரஸ்காரங்க இழுத்தடிக்கிறாங்க?" என்று கேட்டார். இங்கே காங்கிரஸ் என்பது கட்சியின் பெயர் அல்ல, இரண்டு அவைகளும் சேர்ந்த சட்டமன்றத்தின் பெயர் என்பதை விளக்கினேன். பிறகு யோசித்துப் பார்க்கையில், அவருடைய கேள்வியில் 'காங்கிரஸ்காரங்க' என்ற சொல்லை மட்டும் மாற்றி 'விதிகள்' என்று போட்டிருந்தால், அது மிகச் சரியான கேள்வியாக இருந்திருக்கும் என்று பட்டது.

அப்பாவிடம் நான் சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று இருந்தது. அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பே, ஜூன் 27 அன்று, மைக் லீ செனட்டில் அந்த மசோதாவை ஒருமனதான ஒப்புதலால் நிறைவேற்றும்படி கேட்டிருந்தார், கென்டக்கியின் ராண்ட் பால் எழுந்து ஆட்சேபித்திருந்தார், அத்தோடு முடிந்திருந்தது. 365 பேர் ஆதரித்த ஒன்றை ஒரு மனிதர் எத்தனை நாள் பிடித்து வைக்க முடியும் என்ற தைரியத்தில் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. 2011 நவம்பரில் இதே நோக்கமுடைய வேறொரு மசோதா பிரதிநிதிகள் அவையில் 389-க்கு 15 என்று நிறைவேறியதும், அயோவாவின் சக் கிராஸ்லி செனட்டில் அதைத் தடுத்து நிறுத்தியதும், பின்னர் அவர் தடையை விலக்கிக்கொண்டும் அது அந்தக் காங்கிரஸின் இரண்டாண்டுக் காலத்தோடு மடிந்ததும் எனக்குத் தெரிந்தபோது, 2019 முடிந்துவிட்டிருந்தது.

காலி நாற்காலிகள்

செனட் நடவடிக்கைகளை நேரலையில் பார்க்கத் தொடங்கியது அந்தக் கோடையில்தான். 1986 முதல் அவை ஒளிபரப்பாகின்றன. முதன்முறை பார்க்கிறவருக்கு அது ஏமாற்றமாகவே இருக்கும். நூறு மேசைகள், பெரும்பாலான வேளைகளில் தொண்ணூற்றெட்டு காலி. தலைமை இருக்கையில், பெரும்பான்மைக் கட்சியின் இளைய உறுப்பினர் ஒருவர் முறைவைத்து அமர்ந்திருப்பார். துணைக் குடியரசுத் தலைவர்தான் அவையின் தலைவர் என்று அரசமைப்பு சொல்கிறது. ஆனால் சமநிலையில் வாக்கு விழும் நாளைத் தவிர அவரைப் பார்ப்பது அரிது. ஒருவர் எழுந்து காலி நாற்காலிகளைப் பார்த்து இருபது நிமிடம் உருக்கமாகப் பேசுவார். முடித்ததும், அவை நடக்கத் தேவையான குறைவெண் (கோரம்) இல்லை என்று தாமே சுட்டுவார். எழுத்தர் உறுப்பினர்களின் பெயர்களை ஆமை வேகத்தில் அழைக்கத் தொடங்குவார், ஒலி நின்றுபோகும், தொலைக்காட்சியில் மேற்கத்தியச் செவ்வியல் இசை ஓடும். குறைவெண்ணைச் சரிபார்ப்பது யாருடைய நோக்கமும் அல்ல. அடுத்தவர் வரும்வரை நேரத்தைத் தள்ளுவதற்கான ஏற்பாடு அது. அவை நடக்கப் பெரும்பான்மையோர் இருக்க வேண்டும் என்று அரசமைப்பு கேட்பது உண்மை. ஆனால் யாராவது கேள்வி எழுப்பும்வரை அவர்கள் இருப்பதாகவே கொள்ளப்படுகிறது.

மௌனம் சம்மதம் என்பதை நாம் கல்யாணப் பேச்சில் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அமெரிக்க செனட் அந்தச் சொல்லின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. நாளை எத்தனை மணிக்குக் கூடுவது, யார் எவ்வளவு நேரம் பேசுவது, எந்தத் திருத்தத்தை எடுப்பது, நீண்ட வாசிப்பைத் தவிர்ப்பது என ஒவ்வொன்றும் ஒருமனதான ஒப்புதலாலேயே நகர்கிறது. கேட்பவர் கேட்பார், தலைமை இருக்கையில் இருப்பவர் "ஆட்சேபணை உண்டா?" என்பார், இரண்டு விநாடி மௌனம், "ஆட்சேபணை இல்லை, அவ்வாறே ஆணையிடப்படுகிறது" என்பார். அந்த இரண்டு விநாடிக்கு முன்னால் பல நாள் உழைப்பு உண்டு. இரண்டு கட்சித் தலைவர்களின் அலுவலகங்களும் தத்தம் உறுப்பினர்கள் அனைவருக்கும் தகவல் அனுப்பி, எதிர்ப்பு உள்ளவர்கள் சொல்லலாம் என்று கேட்கும். ஹாட்லைன் என்பது அதற்கு வழங்கும் பெயர். ஒருவர் வேண்டாமென்று தம் தலைவரிடம் சொல்லிவிட்டால் அது ஹோல்ட். விதிப்புத்தகத்தில் ஹோல்ட் என்ற அதிகாரம் எதுவும் கிடையாது. 'நீங்கள் கேட்டால் நான் எழுந்து மறுப்பேன்' என்று ஒருவர் முன்கூட்டியே சொல்வதற்குத்தான் அத்தனை வலிமை.

மறுத்தால் என்ன, வாக்கெடுப்பு நடத்திப் போகவேண்டியதுதானே என்று நான் கேட்டேன், எல்லோரும் கேட்பதுதான். நடத்தலாம். ஆனால் முதலில் மசோதாவை எடுத்துக்கொள்ளவே ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டும். அதையே எல்லையின்றி விவாதிக்கலாம். அந்த விவாதத்தை முடிக்க 16 பேர் கையெழுத்திட்ட மனு, நடுவில் ஒரு முழு நாள் காத்திருப்பு, பின் 60 வாக்குகள், அதன் பிறகும் 30 மணி நேரம் வரை விவாதம். இவ்வளவும் முடிந்து மசோதாவைக் கையில் எடுத்தால், அதன் மீதான விவாதத்தை முடிக்க மறுபடியும் மனு, காத்திருப்பு, 60 வாக்குகள், 30 மணி நேரம். ஒரு மசோதாவுக்கு ஒன்றிரண்டு வாரம் போய்விடும். விவாதத்தை வாக்கால் முடிக்கும் இந்த விதி 1917-இல் வந்தபோது மூன்றில் இரண்டு பங்கு தேவைப்பட்டது. 1975-இல் அதை ஐந்தில் மூன்றாகக் குறைத்தார்கள். முன்பெல்லாம் தடுப்பவர் எழுந்து நின்று தொண்டை வற்றப் பேச வேண்டியிருந்தது. 1957-இல் ஸ்ட்ராம் தர்மாண்ட் குடிமை உரிமைகள் சட்டத்துக்கு எதிராக 24 மணி 18 நிமிடம் பேசினார். 1970-களில், தடைப்பட்ட மசோதாவை ஓரமாக வைத்துவிட்டு மற்ற வேலைகளைப் பார்க்கும் இரட்டைத் தண்டவாள முறை வந்தபின், தடுப்பதற்குப் பேசவும் வேண்டாம், நிற்கவும் வேண்டாம் என்றாயிற்று.

அந்த ஒன்றிரண்டு வாரத்தை எதற்குத் தருவது என்பது பெரும்பான்மைத் தலைவரின் கையில் இருக்கிறது. பலர் ஒரே நேரத்தில் எழுந்தால் அவரையே முதலில் அழைப்பது என்ற மரபுதான் அவருடைய அதிகாரம் முழுவதற்கும் வேர். அதுவும் எழுதப்பட்ட விதி அன்று, 1930-களில் உறுதிப்பட்ட வழக்கம். 2019-இல் அந்த இடத்தில் இருந்த மிட்ச் மெக்கானலுக்கு நீதிபதி நியமனங்களே முதன்மையாக இருந்தன; அந்த ஏப்ரலில்தான் மாவட்ட நீதிபதிகளுக்கான 30 மணி நேர விவாதத்தை 2 மணி நேரமாகச் சுருக்கியிருந்தார்கள். வாக்குரிமை இல்லாத சில லட்சம் பேரின் வரிசைக்காக அவர் இரண்டு வாரத்தைச் செலவிடுவார் என்று எதிர்பார்க்க எந்தக் காரணமும் இல்லை. எனவே எங்கள் மசோதாவுக்கு 51-உம் இல்லை, 60-உம் இல்லை. நூறு பேரும் வாய் திறக்காமல் இருக்கும் ஒரு பிற்பகல் மட்டுமே அதற்கு மிச்சமிருந்த வழி.

நான் தொலைபேசியில் அழைத்த கதை

ஹோல்ட் வைத்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். செப்டம்பரில் ஜார்ஜியாவின் டேவிட் பெர்டியூ ஆட்சேபித்தார், சில நாட்களில் விலக்கிக்கொண்டார். அக்டோபரில் இல்லினாயின் டிக் டர்பின் ஆட்சேபித்தார். மொத்த எண்ணிக்கையைக் கூட்டாமல் பங்கீட்டை மட்டும் மாற்றுவது ஒருவர் தட்டிலிருந்து எடுத்து இன்னொருவர் தட்டில் வைப்பதாகும் என்பது அவர் வாதம். ஒவ்வொரு முறையும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் புதிய வில்லன் ஒருவர் பிறந்தார். நானும் மதிய உணவு இடைவேளையில் செனட் அலுவலகங்களை அழைக்கத் தொடங்கினேன். பெரும்பாலும் கல்லூரி வயதுப் பிள்ளைகள் எடுப்பார்கள். பணிவாகக் கேட்டு, ஊரின் அஞ்சல் குறியீட்டைக் குறித்துக்கொண்டு, செனட்டரிடம் தெரிவிப்பதாகச் சொல்வார்கள். ஓர் அலுவலகத்தில் எடுத்த இளைஞர் மட்டும், நான் இந்த மாநிலத்து வாக்காளரா என்று கேட்டார். வாக்காளர் அல்ல, ஆனால் பத்தாண்டுக்கு மேலாக இங்கே வரி கட்டுகிறவன் என்றேன். சற்றுத் தயங்கி, "குறித்துக்கொள்கிறேன்" என்றார். எதைக் குறித்துக்கொண்டார் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது: பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் மக்கள்தொகைக் கணக்கில் குடியுரிமை பார்க்காமல் எல்லாத் தலைகளையும் எண்ணித்தான், எந்த மாநிலத்துக்குப் பிரதிநிதிகள் அவையில் எத்தனை இடம் என்று பங்கிடுகிறார்கள். அந்த 435 இடங்களில் ஒன்றின் ஏதோ ஒரு மூலையில் நானும் என் குடும்பமும் இருக்கிறோம்.

பக்கத்து வீட்டில் பிலிப்பைன்ஸைச் சேர்ந்த ஒரு செவிலியர் குடும்பம் வாடகைக்கு இருந்தது. மருத்துவமனையில் இரவுப் பணி முடித்து அவர் காலையில் வரும்போது நான் மகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிக்கொண்டிருப்பேன். அந்த இரண்டு நிமிடம்தான் எங்கள் நட்பு. அந்த அக்டோபரில் ஒருநாள், அவருடைய தங்கை மணிலாவில் செவிலியர் தேர்வுகளை முடித்து, இங்கே வேலையும் உறுதியாகி, விசாவுக்காகக் காத்திருப்பதாகச் சொன்னார். நல்ல சேதிதானே என்றேன். ஏதோ ஒரு சட்டம் வரப்போகிறதாம், அது வந்தால் தங்கையைப் போன்றவர்கள் பல ஆண்டு பின்னுக்குப் போய்விடுவார்களாம், கென்டக்கி செனட்டர் ஒருவர்தான் தடுத்து வைத்திருக்கிறார், அவருக்காகத் தேவாலயத்தில் வேண்டிக்கொள்கிறோம் என்றார். எந்தச் சட்டம் என்று நான் கேட்கவில்லை. மகளின் பை கனமாக இருந்தது என்பதுபோல் அதைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. நாட்டு வரம்பு போய்விட்டால், மிக நீண்ட வரிசையில் நிற்கும் இந்தியர்களே பல ஆண்டுகளுக்கு அதிகப் பங்கைப் பெறுவார்கள்; இதுவரை காத்திருக்கத் தேவையில்லாத நாட்டினர் எங்கள் பின்னால் வந்து நிற்பார்கள். அது நியாயம் என்பதே என் வாதம், இன்றும் அதுவே என் கருத்து: பிறந்த ஊரைப் பார்க்காமல் வந்த வரிசைப்படி கொடுப்பதில் என்ன தவறு? ஆனால் ராண்ட் பால் எழுந்து சொன்ன மறுப்புக்கு அவர் கொடுத்த காரணமும் செவிலியர்கள்தான் என்பதை நான் படித்திருந்தும், அதை ஒரு சாக்காகவே எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சாக்கு என் பக்கத்து வீட்டில் குடியிருந்தது. 365 என்ற எண்ணில் அந்தத் தங்கைக்கு இடமே இல்லை. 40 நிமிட விவாதத்தில், திருத்தத்துக்கு வழியில்லாத பாதையில், அவளுடைய சங்கடத்தைச் சொல்லி ஒரு வரியை மாற்றும்படி கேட்க யாராலும் முடிந்திருக்காது. அந்த ஒற்றை ஆட்சேபணை எழுந்த பிறகுதான், செவிலியர் போன்ற ஆள் பற்றாக்குறைத் தொழில்களுக்குத் தனி ஒதுக்கீடு வைப்பது பற்றிய பேச்சு தொடங்கியது.

அதற்குப் பிறகும் நான் தொலைபேசியில் அழைத்தேன். அழைப்பதை நிறுத்தியதாகச் சொல்லி என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள விருப்பமில்லை. ஆனால் 'ஒரு மனிதர் ஜனநாயகத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்' என்ற வாக்கியத்தைப் பிறகு என்னால் சொல்ல முடியவில்லை. நாங்கள் என்ன கேட்டோம்? விவாதம் இல்லாமல், வாக்கெடுப்பு இல்லாமல், யாரும் கவனிக்காத ஒரு பிற்பகலில் மசோதா நிறைவேற வேண்டும் என்றுதான் கேட்டோம். எல்லோருடைய அனுமதியையும் ஒரே மூச்சில் கேட்பவன், ஒருவர் அனுமதி மறுத்ததற்காகக் கோபப்படுவதில் உள்ள முரண் எனக்குப் புரிய ஓராண்டு ஆயிற்று.

டிசம்பர் 2

2019 டிசம்பரில் லீயும் டர்பினும் உடன்பாட்டுக்கு வந்தார்கள். 2020 ஆகஸ்டில் ஃபுளோரிடாவின் ரிக் ஸ்காட் ஆட்சேபித்தார். பெருந்தொற்றுக் காலத்தில் நாங்கள் வீட்டிலிருந்தே வேலை செய்தோம். அலுவலகக் கணினிக்குப் பக்கத்தில் இன்னொரு திரையில் செனட் ஓடிக்கொண்டே இருந்தது, வீட்டில் அதைப் 'பாட்டுக் கச்சேரி' என்பார்கள். 2020 டிசம்பர் 2, புதன்கிழமை. லீ எழுந்து, பிரதிநிதிகள் அவை அனுப்பிய 1044-ஐ எடுத்துக்கொண்டு, தொடக்க வாக்கியத்துக்குப் பின் உள்ள அனைத்தையும் நீக்கிவிட்டுத் தம் திருத்தத்தை அங்கே பொருத்தி, அவ்வாறு திருத்திய மசோதாவை நிறைவேற்ற ஒருமனதான ஒப்புதல் வேண்டினார். "ஆட்சேபணை உண்டா?" என்று தலைமை இருக்கையிலிருந்து கேள்வி வந்தது. நான் ஒலியைக் கூட்டினேன். அந்த மௌனம் எத்தனை விநாடி நீடித்தது என்பதை அளக்க நினைத்ததில்லை. ஆட்சேபணை இல்லை, அவ்வாறே ஆணையிடப்படுகிறது என்ற குரல் வந்தது. யாரும் கை தட்டவில்லை, ஏனெனில் தட்டுவதற்கு அங்கே யாரும் இல்லை. மனைவி அடுத்த அறையிலிருந்து ஓடி வந்து, "முடிஞ்சுதா?" என்று கேட்டாள். முடிந்தது என்றேன். அரை நிமிடத்துக்குள் கேமரா வேறொருவரின் மேசைக்குப் போய்விட்டிருந்தது.

அன்றிரவு இரண்டு வடிவங்களையும் அச்சிட்டு, மேசையில் பக்கம் பக்கமாக வைத்துப் படித்தேன். 2019 ஜூலையில் போனது மெலிந்த தாள்கட்டு. மூன்றாண்டு மாறுதல் காலத்துக்குப் பின் வரம்பு முற்றாக நீங்கும் என்பதே அதன் சாரம். 2020 டிசம்பரில் வந்தது தடித்திருந்தது. ஒவ்வொரு பிரிவிலும் ஓர் ஆட்சேபணையின் கைரேகை தெரிந்தது. செவிலியர்களுக்கான ஒதுக்கீடு ராண்ட் பாலிலிருந்து தொடங்கியது. ஹெச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் ஆட்சேர்ப்பதன் மீதான கட்டுப்பாடுகளில், 2011-இல் தடுத்து நின்ற அதே கிராஸ்லியின் கை இருந்தது. மாறுதல் காலம் பல ஆண்டுகளாக நீண்டிருந்தது. சீன ராணுவத்தோடும் கம்யூனிஸ்ட் கட்சியோடும் தொடர்புடையவர்களை விலக்கும் ஒரு பிரிவு, இந்தியாவின் வரிசைக்குச் சற்றும் தொடர்பில்லாமல், கடைசியில் வந்து உட்கார்ந்திருந்தது. வாக்கெடுப்பில் தோற்பவரின் கருத்து பதிவேட்டில் ஓர் எண்ணாக நின்றுவிடுகிறது. ஹோல்ட் வைத்தவரின் கருத்து சட்டத்தின் வாசகமாகவே ஆகிவிடுகிறது. நூறு பேரின் மௌனத்துக்குக் கொடுத்த விலை அந்தக் கூடுதல் பக்கங்கள்.

அவற்றில் சில பக்கங்கள் முதலில் இருந்ததைவிட நியாயமானவை என்று எனக்குத் தோன்றியது. சில, வழிமறித்தவர் வாங்கிய சுங்கம் என்றே தோன்றியது. இரண்டையும் பிரித்தறியும் விதி எதுவும் செனட்டில் இல்லை. நல்ல காரணத்துக்கும் கெட்ட காரணத்துக்கும் ஒரே வார்த்தைதான், ஒரே குரல்தான். இதைக் கண்டுபிடித்துவிட்டதால் அந்த விதியின் மேல் எனக்கு அன்பு வந்துவிடவில்லை. நீக்கப்பட வேண்டும் என்று கட்டுரை எழுதும் பேராசிரியர்களோடும், சிறுபான்மைக் குரலின் காவல் என்று புகழும் செனட்டர்களோடும் சேர்ந்து நிற்க முடியாமல் இருக்கிறேன் என்பதே உண்மை. எப்போது எந்தப் பக்கம் நிற்பது என்பதை, பெரும்பாலும், என் மசோதாவா அவர் மசோதாவா என்பதே தீர்மானிக்கிறது; செனட்டர்களுக்கும் அப்படித்தான் என்பதற்கு, பெரும்பான்மை கைமாறும்போதெல்லாம் அவர்கள் ஆற்றும் உரைகளே சாட்சி.

இரண்டு அவைகளும் ஒரே வாசகத்தை, எழுத்து மாறாமல் நிறைவேற்றினால்தான் அது குடியரசுத் தலைவரின் மேசைக்குப் போகும். பிரதிநிதிகள் அவை செனட்டின் திருத்தத்தை அப்படியே ஏற்க வேண்டும். அல்லது மாற்றித் திருப்பி அனுப்ப வேண்டும். அல்லது இரு அவைகளின் கூட்டுக்குழு உட்கார்ந்து பேச வேண்டும். ஜோ லாஃப்கிரன் தரப்புக்குச் செனட்டின் வடிவம் ஏற்புடையதாக இல்லை. மாற்றித் திருப்பினால் செனட்டில் மறுபடியும் நூறு பேரின் மௌனம் தேவைப்படும். மிச்சம் இருந்ததோ நான்கு வாரம். டிசம்பர் 27 அன்று கையெழுத்தான, 5,593 பக்கமுள்ள மாபெரும் செலவு மசோதாவில் எங்களுடையதையும் செருகிவிடுவார்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி ஓடியது. அது கடைசிப் பேருந்து. நாடே ஓடுவதற்கு அது தேவை என்பதால், தனியாகப் போக முடியாதவையெல்லாம் அதன் படிக்கட்டில் தொற்றிக்கொள்ளும். நான் அந்த ஆவணத்தில் எங்கள் மசோதாவின் சொற்களைத் தேடினேன். இல்லை.

2021 ஜனவரி 3, ஞாயிற்றுக்கிழமை, நண்பகல். அரசமைப்பின் இருபதாம் திருத்தம் குறித்து வைத்திருக்கும் நேரம் அது. 116-ஆவது காங்கிரஸ் அத்துடன் முடிந்தது. இரண்டு அவைகளிலும் தனித்தனியே நிறைவேறியிருந்த 1044-உம், அதுபோலக் காத்திருந்த ஆயிரக்கணக்கான மற்றவையும் ஒரே நொடியில் செல்லாதவையாயின. யாரும் அதற்கு வாக்களிக்கவில்லை. புதிய காங்கிரஸில் எண்கள் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கின. நாங்கள் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுச் செவிலியரின் தங்கை அந்த வசந்தத்தில் வந்து சேர்ந்தாள். இனிப்பு கொடுத்தனுப்பினார்கள், நாங்களும் முறுக்கு கொடுத்தனுப்பினோம்.

மகளின் படத்தில் 51 அப்படியே இருந்தது. தேர்வில் அதையே எழுதினாள், நல்ல மதிப்பெண்ணும் வாங்கினாள். 2022 டிசம்பரில் அதே கருத்துள்ள புதிய மசோதா ஒன்று, இந்த முறை 3648 என்ற எண்ணோடு, பிரதிநிதிகள் அவையின் நிகழ்ச்சி நிரலில் ஏறியது. அப்போது அவளுக்கு 17 வயது. வரிசைக் கணக்கை அவளே போட்டுப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். அந்த வார இறுதியில் அறையிலிருந்து எழுந்து வந்து, "என்னப்பா ஆச்சு, இந்தத் தடவை எத்தனை பேர் தடுத்தாங்க?" என்று கேட்டாள். வாக்கெடுப்பே நடக்கவில்லை, பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றேன். "யாரும் அப்ஜெக்ட் பண்ணலையா?" என்றாள். இல்லை, யாரும் ஆட்சேபிக்கவில்லை என்று சொன்னேன்.